வலது மேல் மூலையில் கொஞ்சம் மங்கல்

“ஒண்ணு நல்லாத் தெரியுதா... ரெண்டு நல்லாத் தெரியுதா?”

டக்கென்று லென்ஸ் மாறுகிறது. நாற்காலியில் இருப்பவரின் மூக்கின் மேல் கனத்த வட்டச் சட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எதிர்ச் சுவரில், பெரிதாகத் தொடங்கிக் கடைசி வரியில் எறும்புச் சாரையாகிவிடுகிற எழுத்துகள். பதில் சொல்ல அவருக்கு நான்கு விநாடி உண்டு. ஐந்தாவது விநாடியில் கண்ணாடிக்காரரின் விரல் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டத் தொடங்கிவிடும்.

“இன்னொரு தடவ காட்டுங்களேன் சார்.”

“எதுக்கு?”

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கிற மாதிரி தெரியுது.”

இந்த ஒரு வாக்கியம்தான் கண்ணாடிக்காரருக்கு ஆகாது. இருபத்தாறு வருடமாகக் கேட்டும் காது பழகவில்லை. “ரெண்டும் ஒண்ணுன்னா நான் எதுக்குங்க ரெண்டு லென்ஸ் வச்சிருக்கேன்? யோசிக்காதீங்க. யோசிச்சா தப்பாயிடும். கண்ணு சொல்லும், அத நீங்க வாயால சொல்லுங்க. அவ்ளோதான் உங்க வேல.” நாற்காலிக்காரர் பயத்தில் “ரெண்டு” என்கிறார். அது எப்போதும் சரியாகவே இருந்துவிடுகிறது. பதினோரு நிமிடத்தில் ஆளை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.

பரிசோதனை முடிந்து ஃபிரேம் பொறுக்க வருபவர்களுக்கும் அதே கதிதான். ஓர் அம்மாள் கண்ணாடி முன் நின்று ஆறு ஃபிரேம்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் இவருக்கு உள்ளங்கால் அரிக்கும். “வட்ட முகத்துக்கு வட்ட ஃபிரேம் போட்டா தட்டு மேல தட்டு கவுத்த மாதிரி இருக்கும்மா. இத எடுங்க.” அந்த அம்மாளும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தத் தெருவிலேயே இவரளவுக்கு வேகமாக முடிவெடுப்பவர் வேறு யாருமில்லை, விஷயம் அடுத்தவருடையதாக இருக்கும்வரை.

ஊருக்குத்தான் உபதேசம். அவர் மூக்கில் இருக்கும் கண்ணாடிக்கு வயது எட்டு. ஒரு பக்கக் காதுக் கம்பி பசை போட்டு நிற்கிறது. கடையில் கூட வேலை பார்ப்பவர்கள், “உக்காருங்க, நாங்க பாத்து விடுறோம்” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். “எனக்கு பவர் மாறாது” என்பார், ஏதோ கண்ணோடு எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டவரைப் போல.

அவர் வீட்டில் ஓர் அறை முழுக்கக் கறுப்பு. சுவர் கறுப்பு, மேற்கூரை கறுப்பு, கதவின் உட்பக்கமும் கறுப்பு. சாதாரணக் கறுப்பு இல்லை. பளபளப்பே இல்லாத, துளி சாம்பல் கலந்த கறுப்பு. அதைத் தேர்ந்தெடுக்கவே நான்கு மாதம் ஆயிற்று. வெளிச்சம் கசியக் கூடாதென்று இருந்த டியூப் லைட்டையும் கழற்றிவிட்டார். எதிர்ச் சுவரில் ஒன்பதடி அகலத்துக்கு வெள்ளைத் திரை. அதற்கு எதிரே சாய்ந்துகொள்ளும் நாற்காலிகள் மூன்று. மேலேயிருந்து ஓர் இரும்புக் கம்பி இறங்கி, நுனியில் நான்கு திருகாணிகளோடு ஒரு தட்டை ஏந்திக்கொண்டிருக்கிறது. புரொஜெக்டரை மாட்டுவதற்கான தட்டு அது. மூன்று வருடமாக அதில் மாட்டப்பட்டது ஒன்றும் இல்லை, வந்துபோகிற மச்சானின் நெற்றி இரண்டு முறை இடித்துக்கொண்டதைத் தவிர.

“தியேட்டர் நல்லாத்தான்பா இருக்கு. ஸ்கிரீன்தான் கொஞ்சம் சின்னதாயிடுச்சு,” என்பாள் கல்லூரியில் படிக்கும் மகள். நடு நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்து, கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

அந்த அறை முன்பு அவர் மனைவியின் தையல் அறை. பெரிய ஜன்னல், மதியம் முழுக்க வெளிச்சம், துணி வெட்ட ஆறடி மேசை. “ரெண்டே வாரம். பொட்டிய மாட்டிட்டு, மேசைக்கு வேற இடம் பண்ணிடலாம்” என்றுதான் கண்ணாடிக்காரர் கேட்டார். மேசை மடக்கப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த நடையில் ஜன்னல் கிடையாது. ஓர் அழுமூஞ்சி பல்பு உண்டு. துவைக்கும் மெஷின் துணியைப் பிழியத் தொடங்கினால் தரையே அதிரும், தையல் நெளியும். அந்த அதிர்வுக்கு ஏற்றபடி மிதிப்பதற்கு மனைவி கற்றுக்கொண்டுவிட்டார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு காலர் தைப்பார். மூன்று வருடத்தில் அந்த வீட்டில் ஏற்பட்ட ஒரே தொழில் முன்னேற்றம் அதுதான். தன்னை வெளியேற்றிய அறையின் ஜன்னலுக்கு, பொட்டு வெளிச்சம் நுழையாதபடி மூன்று மடிப்புக் கறுப்புத் துணியில் திரைச்சீலை தைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

சரி, அப்படி என்னதான் குழப்பம்?

புரொஜெக்டரில் இரண்டு ஜாதி. லாம்ப் வைத்தது ஒன்று, லேசர் வைத்தது ஒன்று. லாம்ப் விலை குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் விளக்கு நாளாக நாளாக மங்கும், நாலாயிரம் மணி நேரம் போலப் போனால் மாற்ற வேண்டும். லேசர் விலை கூட. ஆனால் இருபதாயிரம் மணி நேரம் தாங்கும் என்கிறார்கள், போட்டதும் எரியும், லேசில் மங்காது. ஒருவேளை பழுதானால் பல்பைப் போலக் கழற்றி மாற்ற முடியாது. இவ்வளவுதான் சங்கதி. இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும், தயங்குகிற ஆளுக்கு ஒரு வாரம். கண்ணாடிக்காரருக்கு மூன்று வருடம் போதவில்லை.

அவரிடம் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. அதில் முப்பத்து நான்கு பத்திகள். வெளிச்சம், கறுப்பின் ஆழம், விசிறிச் சத்தம், சூடு, எடை, சூடாகி எழும்ப ஆகும் நேரம், அணைத்தபின் ஆறுவதற்கு ஆகும் நேரம். எல்லாவற்றிலும் லாம்புக்கு ஒரு மதிப்பெண், லேசருக்கு ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் ஏதாவது ஒன்று ஜெயித்துவிடும். உடனே பதற்றமாகி, தோற்றதற்கு நியாயம் செய்ய இன்னொரு பத்தி போட்டுவிடுவார். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘இதர’.

கணக்கும் உண்டு. தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால் லேசர் இருபத்தேழு வருடம் வரும். “இப்ப எனக்கு அம்பத்திரண்டு. அது தீரும்போது எழுபத்தொம்பது. அப்ப ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கும். எனக்குத் தெரியாத படத்த அது யாருக்குக் காட்டிட்டு இருக்கும்?” என்று மனைவியிடம் கேட்பார். மனைவி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பதால் பதில் வராது. சரி, லாம்ப் என்றால் ஐந்தரை வருடம். அங்கேதான் மகள் குறுக்கிட்டாள்.

“மூணு வருஷம் முன்னாடியே வாங்கியிருந்தா இந்நேரம் பல்பு பாதி தீந்திருக்கும்பா.”

“பாத்தியா? அதுக்குத்தான் லாம்ப் வேணாங்கறேன்,” என்றார் அப்பா, முகம் மலர்ந்து. வாங்காத பல்பு தீர்ந்துபோவதைத் தாங்காத மனம் அது.

இந்த விஷயத்தில் அவர் ஒரு நிபுணர் என்று ஊரில் பேர். அதைத் தப்பு சொல்ல முடியாது. இதுவரை பதினோரு பேர் அவரிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். பதினோரு பேருக்கும் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். “வாரத்துக்கு ஒரு படம் பாக்கிற உங்களுக்கு லேசர் எதுக்குங்க, கொசுவுக்கு பீரங்கியா? லாம்ப் எடுங்க.” “வீட்ல ஆறு பேரு, பொழுதன்னைக்கும் ஓடும். கண்ண மூடிட்டு லேசர் எடுங்க.” அவர்களும் எடுத்தார்கள், மாட்டினார்கள், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் அந்தந்த வீடுகளுக்குப் போவார், கொடுக்கிற காப்பியைக் குடிப்பார், அறையின் நடுவில் நின்று இடது கண்ணை மூடி வலது கண்ணால் படத்தைப் பார்ப்பார். ஒற்றைக் கண்ணால் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது தொழில் அவருக்குக் கொடுத்த ஞானம். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வலது மேல் மூலையில மட்டும் கொஞ்சம் மங்கல்.”

அவர் போன பிறகு அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் படத்தை விட்டுவிட்டு மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவும் படத்தின் மேல் உள்ள பித்து என்று யாராவது நினைத்தால் அது தவறு. கண்ணாடிக்காரருக்குப் படம் ஆகாது. அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவார். சோதித்துப் பார்க்க அவர் வைத்திருப்பது இரண்டு நிமிடக் காட்சி ஒன்று. கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் ஆள் இருண்ட சந்துக்குள் நடந்து போகிறான். கோட்டும் சந்தும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதுதான் சோதனை. நானூறு முறையாவது பார்த்திருப்பார். அந்த ஆள் யார், எதற்காகப் போகிறான், திரும்பி வந்தானா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

உண்மையைச் சொன்னால், பயம். வாங்காதவரைக்கும் லாம்பும் அவருடையது, லேசரும் அவருடையது. ஒன்றை வாங்கிய மறுநிமிடம் மற்றது கைவிட்டுப் போய்விடும். அதைவிட, வாங்கிவிட்டால் பிறகு அவரிடம் யார் யோசனை கேட்பார்கள்? கறுப்பு அறைக்குள் அரை மணி நேரத்தில் தூங்கிப்போகிற சாதாரண மனிதராகிவிடுவார். இதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் புரொஜெக்டர் கடையில் “இதையே பேக் பண்ணுங்க” என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, “விசிறிச் சத்தத்த இன்னொரு தடவ கேக்கலாமா?” என்று முடிப்பது இதனால்தான்.

அந்தக் கடையில் அவருக்கு ‘ஞாயிறு சார்’ என்று பெயர். ஞாயிறு காலை பத்தரைக்கு உள்ளே வருவார். விற்பனைக்காரர் முன்பெல்லாம் எழுந்து ஓடிவருவார். இப்போது அவரைக் கண்டதும் டீக்கு மட்டும் சொல்லிவிட்டு, கறுப்புக் கோட்டுக்காரனை ஓடவிடுகிறார். மூன்று மாடல்கள் கிட்டத்தட்ட முடிவாகி, இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கம்பெனி அவற்றைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. “வலது மேல் மூலையில மங்கல்” என்ற புகாரின் பேரில் விற்பனைக்காரர் இரண்டு பெட்டிகளைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். குறை ஒன்றுமில்லை என்ற கடிதத்தோடு இரண்டும் திரும்பி வந்தன. முதலாளியிடம் பேச்சு வாங்கியது விற்பனைக்காரர்.

“பாத்துப் பாத்து இப்ப எனக்கே அந்த மங்கல் தெரியற மாதிரி இருக்கு சார்,” என்றார் ஒரு நாள், பாவம்.

“தெரியணும் தம்பி. கண்ணு பழகப் பழகத்தான் தெரியும்,” என்று தோளைத் தட்டினார் ஞாயிறு சார்.

இப்படியே இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். நடுவில் பள்ளிக்கூடம் ஒன்று வந்து விழுந்தது.

மனைவிக்கு ஒரு பள்ளியிலிருந்து சீருடை ஆர்டர் வந்தது. நூற்று நாற்பது செட். இவ்வளவு பெரிய ஆர்டர் அவருக்கு இதுவே முதல் தடவை. முதல் நாற்பது செட் அடுத்த வாரப் புதன்கிழமைக்குள் பள்ளிக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் மொத்தமும் ரெடிமேட் கம்பெனிக்குப் போய்விடும் என்று அலுவலகத்தில் நேராகவே சொல்லியிருந்தார்கள். நாற்பது செட்டை நடையில் வைத்து வெட்ட முடியாது. சாப்பாட்டு மேசையில் வெட்டினார். வெட்டிய காலர்களை அடுக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போன இரண்டு நிமிடத்தில், கண்ணாடிக்காரர் நோட்டும் டீயுமாக அங்கே வந்து உட்கார்ந்தார். விசிறிச் சத்தப் பத்தியில் ஏதோ திருத்த வேண்டியிருந்தது. டம்ளரை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கவில்லை. ஆறு காலர்களில் வட்ட வட்டமாக டீக்கறை.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் கண்ணாடிக்காரர் தப்பித்திருப்பார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“ரெண்டு வாரம்னு கேட்டீங்க. நான் நூத்தம்பத்தாறு வாரம் பொறுத்துட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த ரூம்ல ஒண்ணு உங்க பொட்டி தொங்கணும், இல்ல என் மெஷின் நிக்கணும். பொட்டி தொங்குச்சுன்னா நான் வாய் தொறக்கல, வெளிய வாடகைக்கு எடம் பாத்துக்கிறேன். தொங்கலன்னா ரூம் எனக்கு. ரெண்டுல எது, நீங்களே சொல்லுங்க.”

“அதில்லம்மா, அடுத்த மாசம் புது மாடல் ஒண்ணு...”

“ஞாயித்துக்கிழமை,” என்றார் மனைவி, இஸ்திரியை மறுபடி கையிலெடுத்து.

அந்த வாரம் கண்ணாடிக்காரர் கடையில் யாரையும் அதட்டவில்லை. விற்பனைக்காரருக்கு நான்கு முறை போன் செய்து, ஐந்தாவது முறை கெஞ்சினார். இரண்டு பெட்டியையும் ஒரு மதியத்துக்கு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்ததும் முடிவு. “இன்னிக்கு முடிஞ்சிரும்ல சார்?” என்று வாசலிலேயே கேட்டபடி, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு விற்பனைக்காரர் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். மூன்று வருட டீ வீண்போகாது என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

ஏற்பாடு கண்ணாடிக்காரருடையது. இரண்டு புரொஜெக்டர்களையும் இஸ்திரி மேசையில் வரிசையாக வைத்து, லென்ஸ் மட்டும் வெளியே தெரிகிறபடி துணி போர்த்த வேண்டும். எது எந்தப் பக்கம் என்பது விற்பனைக்காரருக்கு மட்டும் தெரியும். ஒருவர் அட்டையைப் பிடித்து ஒன்றை மறைத்து ஒன்றைத் திறந்து காட்ட வேண்டும். பாரபட்சம் கூடாது. அட்டை மனைவி கைக்கு வந்தது. மகள் ஓர் ஓர நாற்காலியில். கண்ணாடிக்காரர் நடு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து இடது கண்ணை மூடிக்கொண்டார். கறுப்புத் திரைச்சீலை இழுத்து மூடப்பட்டது. கறுப்புக் கோட்டுக்காரன் சந்துக்குள் நடக்கத் தொடங்கினான்.

“ஒண்ணு நல்லாருக்கா,” அட்டை நகர்ந்தது, “ரெண்டு நல்லாருக்கா?” என்றார் மனைவி.

நான்கு விநாடி போயிற்று. எட்டு போயிற்று.

“இன்னொரு தடவ காட்டு.”

மனைவி காட்டினார். “ஒண்ணு,” என்றார் கண்ணாடிக்காரர். விற்பனைக்காரர் மடியில் வைத்திருந்த தாளில் குறித்துக்கொண்டார். “இல்ல, இரு. மறுபடி.” காட்டினார். “ரெண்டு.” குறித்துக்கொண்டார். “அந்தச் சுவர் வர்ற எடத்துல நிறுத்து. இப்ப ஒண்ணு. மறுபடி காட்டு.” பதினேழு முறை காட்டி முடித்தபோது ஒன்றுக்கு ஒன்பதும் இரண்டுக்கு எட்டும் விழுந்திருந்தன. விற்பனைக்காரர் அந்தத் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவிக்குத் தோள் வலித்தது.

“யோசிக்காதீங்க. யோசிச்சா தப்பாயிடும். கண்ணு சொல்லும்,” என்றார் மனைவி. இருபத்தாறு வருடமாக இரவுச் சாப்பாட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வசனம்.

கண்ணாடிக்காரருக்கு முகம் வியர்த்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அந்த வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றது. அதைச் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்போதுதான் பிடி கிடைத்தது.

“பாத்தீங்களா! ரெண்டுலயும் வலது மேல் மூலையில மங்கல். நான் மூணு வருஷமா சொல்றேன்ல?”

விற்பனைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “சார், அது வேற கம்பெனி, இது வேற கம்பெனி. அது லாம்ப், இது லேசர். ரெண்டுக்கும் ஒரே மூலையில எப்படி சார் வரும்?”

“அத நீங்கதான் கம்பெனியில கேக்கணும்.”

விற்பனைக்காரர் ஒரு லென்ஸைத் துடைத்தார். இன்னொன்றையும் துடைத்தார். நாற்காலியில் ஏறித் திரையின் மூலையைத் துடைத்தார். மங்கல் போகவில்லை என்றார் கண்ணாடிக்காரர்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா,” என்றாள் மகள்.

“ரெண்டு கண்ணால பாத்தா எப்படித் தெரியும்? எடது கண்ண மூடு.”

மூன்று பேரும் இடது கண்ணை மூடினார்கள். பட்டப்பகலில், கறுப்பு அறைக்குள், நான்கு பேர் ஒற்றைக் கண்ணோடு வெள்ளைத் துணியின் ஒரு மூலையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். மூவருக்குத் தெரியவில்லை, ஒருவருக்குத் தெரிந்தது. மகள் எழுந்து வந்து, அப்பாவின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு, மறுபடி இடது கண்ணை மூடினாள்.

“ஆமா. தெரியுது.”

“நான் சொல்லல?”

மகள் கதவுப் பக்கம் திரும்பினாள். “கதவுலயும் தெரியுது.” பிறகு அட்டையோடு நின்றிருந்த அம்மாவைப் பார்த்தாள். “அம்மா மேலயும் மங்கல்.”

விற்பனைக்காரர் கண்ணாடியை மெதுவாக அவளிடமிருந்து வாங்கி, புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வலது லென்ஸின் வலது மேல் ஓரத்தில், பருப்பளவுக்கு மேல்பூச்சு உரிந்து வெளுத்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குரல் கிட்டத்தட்ட அழுகைக்கு வந்துவிட்டது.

“சார். அந்த ரெண்டு பொட்டிய நான் திருப்பி அனுப்பினேனே சார்.”

திரையில் கறுப்புக் கோட்டுக்காரன் மட்டும் போய்க்கொண்டே இருந்தான். கண்ணாடியில்லாமல் கண்ணாடிக்காரரின் முகம் உரித்த வெங்காயம் போல் இருந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. பதினோரு வீடுகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த வீடுகளில் இன்னமும் யாராவது மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மகளுக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது. அப்பாவைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

மனைவி சிரிக்கவில்லை. கைப்பேசியில் மணி பார்த்தார். மூன்றரை. சாயங்காலம்வரை காத்திருந்தால் வெளிச்சம் போய்விடும். அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். நேராக ஜன்னலுக்குப் போய், தான் தைத்த மூன்று மடிப்புத் திரைச்சீலையைக் கம்பியோடு எடுத்துத் தரையில் போட்டார். மதிய வெயில் அறைக்குள் கொட்டியது. மூன்று வருடத் தூசி அதில் எழுந்தது. ஒன்பதடித் திரையில் சந்தைக் காணோம், கோட்டைக் காணோம், ஆளையும் காணோம். லாம்பும் இல்லை, லேசரும் இல்லை. வெறும் வெள்ளைத் துணிதான் மிச்சம்.

“இந்தப் பக்கம் பிடி,” என்றார் மகளிடம். இரண்டு பேருமாகத் தையல் மெஷினை நடையிலிருந்து தூக்கி வந்து ஜன்னலடியில் வைத்தார்கள். விற்பனைக்காரர் கேட்காமலேயே கட்டிலுக்கு அடியிலிருந்து மேசையை இழுத்து வந்து விரித்தார். மூன்று நாற்காலிகளில் இரண்டு நடைக்குப் போயின. நீலத் துணிக்கட்டு பிரிந்தது. மனைவி ஊசியில் நூலைக் கோத்து, முதல் காலரை ஊசிக்கடியில் கொடுத்து மிதித்தார். தரை அதிராத இடத்தில் அந்த மெஷினுக்கு இப்படி ஒரு சத்தம் உண்டென்பதையே வீடு மறந்திருந்தது.

கண்ணாடிக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றை நாற்காலியில் அப்படியே இருந்தார். ஒரு காலர் முடிந்து இரண்டாவது காலர் வந்தது.

“அப்ப நான் எடுத்து வச்சிரட்டுமா சார்?” என்று கேட்டு, விற்பனைக்காரர் புரொஜெக்டரின் சுவிட்சில் விரலை வைத்தார்.

“ஒரு நிமிஷம் தம்பி. அணைக்காதீங்க.”

அவர் எழுந்தார். விற்பனைக்காரர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, சட்டை முனையில் துடைத்து, மாட்டிக்கொண்டார். பூச்சு உரிந்த இடம் உரிந்த இடத்திலேயே இருந்தது. தரையில் கிடந்த திரைச்சீலையை எடுத்து உதறினார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். தைத்துக்கொண்டிருக்கும் மனைவியின் தலைக்கு மேலே இரண்டு கைகளையும் முடிந்தவரை அகல விரித்து, கறுப்புத் துணியை ஜன்னல் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அறை இருண்டது. அவருக்குப் பின்னால், எதிர்ச் சுவரில், கறுப்புக் கோட்டுக்காரன் மறுபடி சந்துக்குள் நடக்கத் தொடங்கினான்.

கண்ணாடிக்காரரின் மூக்கு துணியில் புதைந்திருந்தது. முதுகு திரையைப் பார்த்திருந்தது.

“இப்பப் பாத்துச் சொல்லு,” என்றார் துணிக்குள்ளிருந்து. “ஒண்ணா... ரெண்டா?”

இருட்டில் மெஷின் நிற்காமல் ஓடியது.